கோடு நிக்கணும் தம்பி! – அட்டைப்பெட்டிகளைப் பற்றி ஒரு பாடம்



இந்த இதழில் நாம் பார்க்கப்போவது அட்டைப்பெட்டி. "அட்டைப்பெட்டியில் படிக்க என்ன இருக்கு?" என்று கேட்பீர்கள். போன நவம்பர் வரைக்கும் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

போன வருஷம் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு மாடல் செய்தோம். மண்ணின் ஈரத்தைப் பார்த்து, தேவைப்படும்போது மட்டும் சொட்டுநீர்க் குழாயைத் தானாகத் திறந்துவிடும் கருவி. அக்ரிலிக் தகட்டில் ஒரு கன்ட்ரோலர் போர்டு, இரண்டு வால்வு, ஒரு சின்ன பம்ப். நான்கு மாத உழைப்பு. கோயம்புத்தூரில் போட்டி. அன்ரிசர்வ்டில் போகிறோம், கூட்டத்தில் மாடல் நசுங்கிவிடும் என்று பயந்து, அதை மட்டும் முந்தின நாளே பார்சலில் போட்டோம்.

பெட்டி? மெஸ்ஸுக்குப் புதிதாக ஃப்ரிட்ஜ் வந்திருந்தது. அதன் அட்டையை வெட்டி, அளவாக மடித்து, டேப் ஒட்டி நாங்களே ஒரு பெட்டி செய்தோம். நல்ல கனமான அட்டை. மேலே ஏறி உட்காரலாம் போல இருந்தது.

மறுநாள் காலை பார்சல் ஆபீசில் போய்ப் பார்த்தால், பெட்டியின் பக்கச்சுவர் ஆர்மோனியத் துருத்தி மாதிரி மடிந்து கிடந்தது. ராத்திரி மழை வேறு. உள்ளே அக்ரிலிக் விரிசல், போர்டின் பின்கள் வளைந்திருந்தன. அங்கே மூட்டை இறக்கிக்கொண்டிருந்த அண்ணன் ஒருவர் பெட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இதை வெட்டினது யாரு தம்பி? உள்ள இருக்கிற கோடு படுத்துக் கிடக்கு பாருங்க. கோடு நிக்கணும் தம்பி."

பதினொரு மணிக்கு டெமோ. மொபைலில் இருந்த வீடியோவைக் காட்டி விளக்கினோம். "நேரில் ஓடவில்லையே" என்றார் நடுவர். அவர் சொன்னதில் தப்பில்லை. ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பேப்பரில் எனக்கு நல்ல கிரேடுதான். ஆனால் அந்தப் பாடம் ஒரு அட்டைக்குள்ளும் இருக்கிறது என்பதை அந்த அண்ணன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அந்த "கோடு" என்ன, அது ஏன் நிற்க வேண்டும் என்று தேடிப் படித்ததுதான் இந்தக் கட்டுரை.

ஒரே பெயர், மூன்று பொருள்

நம் தப்பு முதலில் பெயரிலேயே தொடங்குகிறது. மைசூர்பாகு வரும் டப்பாவும் அட்டைப்பெட்டி, ஃப்ரிட்ஜ் வரும் பெட்டியும் அட்டைப்பெட்டி, பட்டுப்புடவை வரும் பெட்டியும் அட்டைப்பெட்டி. ஆனால் இந்த மூன்றும் வேறு வேறு கட்டமைப்பு. செய்யும் முறையும் வேறு, தாங்கும் விதமும் வேறு, விலையும் வேறு.

ஒரு ஸ்வீட் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். கால் கிலோ மைசூர்பாகு போட்டுத் தரும் மெல்லிய டப்பா மடிப்பு அட்டைப்பெட்டி. ஆங்கிலத்தில் ஃபோல்டிங் கார்ட்டன் என்பார்கள். கல்யாண வீட்டுக்காக அதே கடை விற்கும் கனமான, மூடி தனியாக வரும் அழகுப் பெட்டி ரிஜிட் பாக்ஸ். சென்னையிலிருந்து டெல்லிக்கு கூரியரில் போகும்போது இவற்றையெல்லாம் உள்ளே அடுக்கி ஒட்டுகிற பழுப்புப் பெட்டி நெளி அட்டைப்பெட்டி, அதாவது கொருகேட்டட் பாக்ஸ்.

சுருக்கமாகச் சொன்னால், முதலாவது கடை அலமாரிக்கு, இரண்டாவது கையில் கொடுப்பதற்கு, மூன்றாவது ரோட்டுக்கு. ஒன்றின் வேலையை இன்னொன்றிடம் கொடுத்தால் என்ன ஆகும் என்று இனி ஒவ்வொன்றாகப் பார்க்கலாம் வாங்க.

மடிப்பு அட்டைப்பெட்டி

பற்பசை, மாத்திரை, சோப்பு, அகர்பத்தி, தீப்பெட்டி என்று நாம் தினமும் தொடுவது இதைத்தான். ஒரே ஒரு அட்டைத் தாள், உள்ளே நெளிவு எதுவும் கிடையாது. பெரும்பாலும் 200 முதல் 400 ஜி.எஸ்.எம். வரை இருக்கும். ஜி.எஸ்.எம். என்றால் ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் எடை என்பது. நாம் பிரின்ட் எடுக்கும் ஏ4 தாள் 70 அல்லது 80 ஜி.எஸ்.எம். என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் ஒப்பிட வசதி.

இதில் அதிகம் புழங்குவது டூப்ளெக்ஸ் போர்டு. ஒரு பக்கம் வெள்ளைப் பூச்சோடு வழவழப்பாக இருக்கும், அச்சடிக்க வசதியாக. பின்பக்கம் சாம்பல் நிறமாக இருந்தால் கிரே பேக், வெள்ளையாக இருந்தால் ஒயிட் பேக். கிரே பேக்கின் உட்பகுதி பழைய காகிதத்தை அரைத்துச் செய்தது, அதனால் விலை குறைவு. மருந்து, அழகுசாதனப் பொருள், உணவு ஆகியவற்றுக்குப் புதுக் கூழில் செய்த அட்டையை விரும்புவார்கள்.

இந்தப் பெட்டி பிறந்த கதை சுவாரசியமானது. 1870-களில் நியூயார்க்கின் புரூக்ளினில் ராபர்ட் கெய்ர் என்பவர் விதைப்பைகள் அச்சடித்துக்கொண்டிருந்தார். பையில் மடிப்புக்கோடு போட வேண்டிய இரும்புத் தகடு ஒன்று நகர்ந்துபோய், மடிப்பதற்குப் பதிலாகப் பைகளை வெட்டிவிட்டது. நஷ்டம்தான். ஆனால் அவருக்கு ஒரு பொறி தட்டியது: வெட்டும் தகட்டையும் மடிக்கும் தகட்டையும் ஒரே அச்சில் பொருத்தினால், ஒரே அழுத்தில் ஒரு பெட்டியே தயாராகிவிடுமே! இன்றைக்கும் அதே யுக்திதான். சிவகாசி அச்சகங்களில் "பஞ்சிங்" என்று சொல்வது இதையே. கூர்மையான தகடு வெட்டும், மழுங்கிய தகடு மடிப்புக்கோடு போடும், பிறகு பேஸ்டிங்.

பலம் எங்கே? தட்டையாக மடித்து ஆயிரக்கணக்கில் கட்டி அனுப்பலாம், இடம் பிடிக்காது. மெஷினிலேயே பிரித்து நிரப்பி மூடலாம். அச்சு அழகாக வரும். பலவீனம்? மேலே பாரம் ஏற்றினால் தாங்காது. இது தனியாகப் பயணம் போகிற பெட்டி அல்ல.

இதில் கவனிக்க வேண்டிய இன்னொன்று "கிரெய்ன்". காகித மெஷினில் கூழ் ஓடும் திசையிலேயே நார்கள் பெரும்பாலும் படுத்துக்கொள்ளும். அதனால் தாள் ஒரு திசையில் விறைப்பாகவும், மறு திசையில் எளிதாக மடிவதாகவும் இருக்கும். பழைய செய்தித்தாளை எடுத்து இரண்டு திசையிலும் கிழித்துப் பாருங்கள். ஒரு பக்கம் நேர்கோடாகக் கிழியும், மறுபக்கம் கோணல்மாணலாகப் போகும். நேராகக் கிழிவதுதான் கிரெய்ன் திசை. பெட்டி வடிவமைப்பவர் இதைக் கவனிக்காவிட்டால் டப்பா வயிறு உப்பி நிற்கும்.

நெளி அட்டைப்பெட்டி: நம் கதையின் நாயகன்

ஒரு பழைய பார்சல் அட்டையை எடுத்து ஓரத்தைப் பாருங்கள். மேலே ஒரு தாள், கீழே ஒரு தாள், நடுவில் அலை அலையாக ஒரு தாள். மேலும் கீழும் உள்ளவை லைனர், நடுவில் உள்ளது ஃப்ளூட். பார்சல் அண்ணன் சொன்ன "கோடு" இந்த ஃப்ளூட் ஓடும் திசைதான்.

நெளிந்த காகிதத்துக்கு முதல் காப்புரிமை 1856-ல் இங்கிலாந்தில் ஹீலி, ஆலன் என்ற இருவர் வாங்கினார்கள். எதற்குத் தெரியுமா? உயரமான தொப்பிக்குள் வைக்க! 1871-ல் அமெரிக்காவில் ஆல்பர்ட் ஜோன்ஸ் அதைக் கண்ணாடிப் புட்டிகளும் விளக்குச் சிம்னிகளும் உடையாமல் சுற்றிக்கட்டப் பயன்படுத்தினார். 1874-ல் ஆலிவர் லாங் நெளிவின் மேல் தாள் ஒட்டும் முறையைக் கொண்டுவந்தார். நெளிவு தானாகப் படுத்துவிடாமல் பிடித்து நிறுத்தியது அந்தத் தாள்தான்.

ஏன் இவ்வளவு பலம்?

மூன்று 150 ஜி.எஸ்.எம். தாளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினால் ஒரு மில்லிமீட்டர் கனம்கூட வராது. கையால் வளைத்துவிடலாம். அதே மூன்றில் நடுத்தாளை நெளியவிட்டு ஒட்டினால் கனம் 4 மில்லிமீட்டர் ஆகிறது. நெளிவுக்காக நடுத்தாள் கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும், அவ்வளவுதான். மீதி எல்லாம் காற்று.

இங்கேதான் நம் இரண்டாம் ஆண்டுப் பாடம் வருகிறது. ஐ-பீமை ஏன் அந்த வடிவத்தில் செய்கிறார்கள்? வளையும்போது அதிக அழுத்தமும் இழுவிசையும் வருவது மேல் கீழ் ஓரங்களில். பொருளை நியூட்ரல் ஆக்சிஸிலிருந்து எவ்வளவு தூரம் தள்ளி வைக்கிறோமோ, அந்தத் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப விறைப்பு கூடும். லைனர்கள் இரண்டும் ஐ-பீமின் ஃப்ளேஞ்ச். ஃப்ளூட் நடுவில் நிற்கும் வெப். காகிதத்தில் ஐ-பீம், அவ்வளவுதான் விஷயம்!

ஏ, பி, சி, இ

ஃப்ளூட்டின் உயரத்தைப் பொறுத்து எழுத்துப் பெயர்கள் உண்டு. தோராயமாக:

ஏ ஃப்ளூட் – சுமார் 4.7 மி.மீ. உயரம். அதிர்ச்சியை நன்றாக வாங்கிக்கொள்ளும்.
சி ஃப்ளூட் – சுமார் 3.6 மி.மீ. கப்பல், லாரிப் பெட்டிகளில் அதிகம்.
பி ஃப்ளூட் – சுமார் 2.5 மி.மீ. நெளிவுகள் நெருக்கம், அதனால் குத்தினாலும் அமுக்கினாலும் எளிதில் பள்ளமாகாது. டின், புட்டி வைக்க ஏற்றது.
இ ஃப்ளூட் – சுமார் 1.2 மி.மீ. மேலே அழகாக அச்சடிக்கலாம். பீட்சா டப்பா, மிக்ஸி, ஷூ டப்பாக்களில் பார்க்கலாம்.

வரிசை குழப்புகிறதா? எழுத்துகள் அளவுப்படி வரவில்லை, அறிமுகமான வரிசைப்படி வந்தவை. முதலில் ஏ, அடுத்து பி, பிறகு இரண்டுக்கும் நடுவில் ஒன்று தேவைப்பட்டபோது சி.

அடுத்து ப்ளை. கடையில் "மூணு ப்ளையா, அஞ்சு ப்ளையா?" என்று கேட்பார்கள். மூன்று ப்ளை என்றால் இரண்டு லைனர், ஒரு ஃப்ளூட். ஐந்து ப்ளை என்றால் மூன்று லைனர், இரண்டு ஃப்ளூட். ஏழு ப்ளை என்றால் நான்கு லைனர், மூன்று ஃப்ளூட். இயந்திர பாகங்கள் மாதிரிக் கனமான சரக்குக்கு.

பி.எஃப். என்றால் என்ன?

பெட்டிக் கம்பெனிக்குப் போனால் "150 ஜி.எஸ்.எம்., 18 பி.எஃப்." என்பார்கள். பி.எஃப். என்பது பர்ஸ்ட் ஃபேக்டர். தாளை ஒரு ரப்பர் சவ்வால் உப்பவைத்து எந்த அழுத்தத்தில் கிழிகிறது என்று பார்ப்பது பர்ஸ்ட் சோதனை. கணக்கு சுலபம்: ஜி.எஸ்.எம்.-ஐ பி.எஃப்.-ஆல் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் கிழியும் அழுத்தம், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோ என்று வரும். 150 × 18 ÷ 1000 = 2.7. மூன்று ப்ளை அட்டைக்குக் கூட்டும்போது, லைனர்களை முழுசாகவும் ஃப்ளூட் தாளைப் பாதியாகவும் எடுப்பது வழக்கம். அப்படியானால் 2.7 + 1.35 + 2.7 = 6.75.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பர்ஸ்ட் சொல்வது பெட்டி கிழியுமா என்பதை. நசுங்குமா என்பதை அது சொல்லாது. எங்கள் பெட்டி கிழியவே இல்லை. நசுங்கியது! அதைச் சொல்வது இ.சி.டி., அதாவது எட்ஜ் க்ரஷ் டெஸ்ட். அட்டைத் துண்டைக் கோடுகள் நிற்கும்படி செங்குத்தாக நிறுத்தி, மேலிருந்து அமுக்கி, ஒரு மீட்டர் நீளத்துக்கு எத்தனை கிலோநியூட்டன் தாங்கும் என்று அளப்பார்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

1963-ல் அமெரிக்காவில் மெக்கீ என்ற ஆய்வாளரும் சகாக்களும் ஒரு எளிய சூத்திரம் தந்தார்கள். இன்றுவரை பெட்டித் தொழிலில் புழங்குவது:

பெட்டி தாங்கும் பாரம் = 5.87 × இ.சி.டி. × வர்க்கமூலம் (அட்டையின் கனம் × பெட்டியின் சுற்றளவு)

400 மி.மீ. நீளம், 300 மி.மீ. அகலம் உள்ள ஒரு மூன்று ப்ளை பெட்டி. சுற்றளவு 1.4 மீட்டர். கனம் 4 மி.மீ., அதாவது 0.004 மீட்டர். இ.சி.டி. மீட்டருக்கு 4 கிலோநியூட்டன் என்று வைத்துக்கொள்வோம்.

0.004 × 1.4 = 0.0056. வர்க்கமூலம் சுமார் 0.075. அதை 4-ஆலும் 5.87-ஆலும் பெருக்கினால் 1.76 கிலோநியூட்டன். கிட்டத்தட்ட 179 கிலோ பாரம்!

ஆச்சரியமாக இருக்கிறதா? சூத்திரத்தில் உயரமே இல்லை என்பதையும் கவனியுங்கள். ரொம்பக் குட்டையான பெட்டியைத் தவிர, உயரத்தால் பெரிய வித்தியாசம் வராது. சுற்றளவை இரண்டு மடங்காக்கினால் பலம் 1.4 மடங்குதான் கூடும். இ.சி.டி.-யை இரண்டு மடங்காக்கினால் பலமும் இரண்டு மடங்கு.

அப்படியானால் 179 கிலோவை ஏற்றலாமா? கூடாது. இது லேபில், புதுப்பெட்டியை, காய்ந்த நிலையில், சில நொடிகள் அமுக்கினால் வரும் கணக்கு. குடோனில் நடப்பது வேறு:

ஈரம் – காகிதம் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். காற்றின் ஈரப்பதம் 50 சதவீதத்திலிருந்து 90-க்கு ஏறினால் பெட்டியின் பலம் ஏறக்குறைய பாதியாகிவிடும். மழை நேரடியாகப் படவே வேண்டாம், நவம்பர் மாதக் காற்றே போதும். தவிர, லைனரையும் ஃப்ளூட்டையும் ஒட்டுவது ஸ்டார்ச் பசை. மக்காச்சோளம், மரவள்ளி மாவுதான். நனைந்தால் அதுவும் விட்டுவிடும்.

நேரம் – ஒரு நிமிடம் தாங்கும் பாரத்தை ஒரு மாதம் தாங்காது. மெதுவாகத் தளர்ந்துகொண்டே வரும். க்ரீப் என்று படித்தோமே, அதுதான்.

அடுக்கும் விதம் – பெட்டியின் பக்கச்சுவர்களின் நடுப்பகுதி சீக்கிரம் உப்பிக்கொண்டு பின்வாங்கிவிடும். பாரத்தின் பெரும்பங்கைத் தாங்குவது நான்கு மூலைகள்தான். அதனால் மூலைக்கு நேர் மூலை வருமாறு அடுக்க வேண்டும். செங்கல் கட்டுவது போல மாற்றி மாற்றி வைத்தால் அடுக்கு சரியாது, ஆனால் தாங்கும் பலம் பாதி வரை குறையலாம்.

இதனால்தான் 3 முதல் 5 வரை பாதுகாப்புக் காரணி வைக்கிறார்கள். உதாரணம்: 8 கிலோ பெட்டி, ஆறு உயரம் அடுக்கு. அடிப்பெட்டி மேல் ஐந்து பெட்டி, அதாவது 40 கிலோ. காரணி 4 என்றால் 160 கிலோ பலம் வேண்டும். நம் 179 கிலோ பெட்டி தேறிவிடுகிறது. ஏழாவதாக ஒன்று வைத்தால்? மேலே 48 கிலோ, தேவை 192. தேறாது. "இன்னொண்ணு வெச்சா என்ன ஆகும்" என்று நாம் சாதாரணமாகச் சொல்வதற்கு இதுதான் பதில்.

சரி, கோடு ஏன் நிற்க வேண்டும்?

இப்போது உங்களுக்கே புரிந்திருக்கும். ஃப்ளூட் செங்குத்தாக நின்றால், ஒவ்வொரு நெளிவும் ஒரு குட்டித் தூண். பெட்டியின் சுற்றளவு முழுக்க நூற்றுக்கணக்கான தூண்கள். ஃப்ளூட் கிடைமட்டமாகப் படுத்தால் தூணே இல்லை. அட்டை எங்கே மடியலாம் என்று வரிசையாகக் கோடு போட்டுக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். எங்கள் பெட்டி ஆர்மோனியம் மாதிரி மடிந்தது அதனால்தான். ஃப்ரிட்ஜ் அட்டையில் கோடு சரியாகத்தான் நின்றது. வெட்டும்போது அளவு பொருந்துகிறதே என்று நாங்கள்தான் அதைக் குறுக்கே திருப்பிப் போட்டோம். அட்டை நல்ல அட்டை, திசைதான் தப்பு.

நல்ல பெட்டியாகவே இருந்தாலும் பக்கவாட்டில் படுக்க வைத்தால் இதே கதிதான். பெட்டி மேல் அச்சடித்திருக்கும் மேல்நோக்கிய அம்புக்குறி உள்ளே இருக்கும் பொருளுக்கு மட்டுமல்ல, பெட்டிக்கும் சேர்த்துத்தான்.

ரிஜிட் பாக்ஸ்: அழகும் விலையும்

ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர் வரை கனமுள்ள, நெளிவில்லாத சாம்பல் அட்டை. நம்ம ஊர்க் கடைகளில் கப்பா போர்டு என்று கேட்டால் தருவார்கள். அதை வெட்டி, மூலைகளை ஒட்டி, மேலே அச்சிட்ட மெல்லிய தாளைச் சுற்றி ஒட்டினால் ரிஜிட் பாக்ஸ். பட்டுப்புடவை, நகை, வாட்ச், விலை உயர்ந்த மொபைல் எல்லாம் இதில்தான் வரும்.

புது மொபைல் டப்பாவின் மூடியைத் தூக்கும்போது அது மெதுவாக வழுக்கி இறங்குவதைக் கவனித்திருப்பீர்கள். மூடிக்கும் அடிப்பெட்டிக்கும் இடையில் உள்ள இடைவெளி அவ்வளவு குறைவு. காற்று உள்ளே போக நேரம் ஆகிறது. அந்தத் துல்லியத்துக்கும் சேர்த்துத்தான் விலை.

குறை என்ன? இது மடியாது. ஆயிரம் மடிப்பு டப்பாவை இரண்டு மூன்று கட்டாகக் கட்டி ஆட்டோவில் கொண்டுவரலாம். ஆயிரம் ரிஜிட் பாக்ஸ் என்றால் வேன் வேண்டும், வேன் நிறையக் காற்றுக்கு வாடகை. கைவேலையும் அதிகம். அதோடு, தாங்கும் பலம் இருந்தாலும் கீழே விழும் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளாது. அதனால் ரிஜிட் பாக்ஸும் பயணம் போகும்போது நெளி அட்டைக்குள் போக வேண்டியதுதான்.

இன்னும் இரண்டு பேர்

பழச்சாறு வரும் டெட்ரா பேக் மாதிரிப் பெட்டிகளும் அட்டைதான், ஆனால் முழுக்க அல்ல. ஏறக்குறைய முக்கால் பங்கு அட்டை, மீதி பாலிஎதிலீன், மிக மெல்லிய அலுமினியத் தகடு. அட்டை விறைப்பைத் தரும், பாலிஎதிலீன் ஈரத்தைத் தடுக்கும், அலுமினியம் வெளிச்சத்தையும் ஆக்சிஜனையும் தடுக்கும். பிரித்து மறுசுழற்சி செய்வதுதான் கஷ்டம்.

முட்டை அட்டை இன்னொரு வகை. பழைய காகிதத்தைக் கூழாக்கி அச்சில் ஊற்றி உறிஞ்சி எடுத்தது. பெட்டி என்று சொல்ல முடியாது, ஆனால் பெட்டிக்குள் பொருள் ஆடாமல் பிடித்துக்கொள்ள தெர்மோகோலுக்கு நல்ல மாற்று.

நம் மாநிலத்தில்

இதெல்லாம் எங்கோ நடப்பதல்ல. கரூர் காகிதபுரத்தில் கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்யும் டி.என்.பி.எல். நிறுவனத்தின் இரண்டாவது ஆலை மணப்பாறைக்குப் பக்கத்தில் மொண்டிப்பட்டியில் இருக்கிறது. அங்கே தயாராவது பேக்கேஜிங் அட்டை. சிவகாசியில் அச்சு, தீப்பெட்டி, பட்டாசு மூன்றும் ஒரே ஊரில் இருப்பதால் கம்பி மத்தாப்பு டப்பா முதல் வெளிப்பெட்டி வரை அங்கேயே முடிந்துவிடும். மெக்கானிக்கல், கெமிக்கல் படிக்கும் நண்பர்கள் இன்டஸ்ட்ரியல் விசிட்டுக்கு இந்தப் பக்கமும் யோசிக்கலாம்.

எதற்கு எது?

வீட்டிலிருந்து முறுக்கு, அதிரசம் பார்சல் வருகிறதா? உள்ளே எண்ணெய் தாங்கும் கவர், வெளியே மூன்று ப்ளை. உணவை நேராகச் செய்தித்தாளில் சுற்றச் சொல்லாதீர்கள். அச்சு மை உணவில் கலக்கும். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 பேக்கேஜிங் விதிமுறைகளிலேயே அதற்குத் தடை இருக்கிறது.

புத்தகம் அனுப்பவா? பெட்டி சின்னதாகவும் பொருள் இறுக்கமாகவும் இருந்தால் மூன்று ப்ளை போதும். புத்தகமே பாரத்தைத் தாங்கிக்கொள்ளும்.

சர்க்யூட், கண்ணாடி, அக்ரிலிக் மாடலா? ஐந்து ப்ளை. உள்ளே எல்லாப் பக்கமும் விரல் நீளத்துக்கு இடைவெளி விட்டு, கசக்கிய காகிதத்தால் நிரப்ப வேண்டும்.

சின்னதாகப் பொருள் விற்கத் தொடங்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை: எல்லாவற்றுக்கும் ஐந்து ப்ளை போடுவதும் தப்புத்தான். தேவைக்கு மேல் அட்டை என்றால் பணமும் வீண், கூரியர் எடையும் வீண். முதலில் பாரத்தைக் கணக்குப் போடுங்கள், பிறகு அட்டையை வாங்குங்கள்.

ஹாஸ்டலில் செய்து பாருங்க

ஒரு பழைய பார்சல் அட்டையிலிருந்து ஒரே அளவில் இரண்டு துண்டு வெட்டுங்கள். 30 செ.மீ. நீளம், 10 செ.மீ. உயரம். ஒன்றில் கோடு உயரவாக்கில் நிற்க வேண்டும், இன்னொன்றில் நீளவாக்கில் படுக்க வேண்டும். கோடு படுத்திருக்கும் துண்டில் மடிக்கும் இடத்தை ஸ்கேலால் அழுத்திக்கொள்ளுங்கள். இரண்டையும் முக்கோணக் குழாயாக மடித்து டேப் ஒட்டி நிறுத்துங்கள். மேலே ஒரு பரீட்சை அட்டை, அதன்மேல் ஒவ்வொன்றாகப் பாடப்புத்தகம். எது எத்தனை புத்தகத்தில் மடிகிறது என்று எழுதிவையுங்கள். பிறகு புதிதாக இரண்டு செய்து, ராத்திரி முழுக்க ஈரத்துணி காயும் பாத்ரூமில் வைத்துவிட்டுத் திரும்பச் செய்யுங்கள். எண்களை எங்களுக்கு அனுப்பினால் அடுத்த இதழில் போடுகிறோம்.

கடைசியாக

இந்தப் பிப்ரவரியில் இன்னொரு போட்டி. மாடலைச் சரிசெய்து அனுப்பினோம். இந்த முறை ஐந்து ப்ளை பெட்டி, கோடு நின்றபடி. உள்ளே பாலித்தீன் கவர், சுற்றிலும் கசக்கிய காகிதம், மேலும் கீழும் ஓரங்களையும் சேர்த்து டேப். மேலே மார்க்கரில் பெரிய அம்புக்குறி. ஒட்டி முடித்ததும் நண்பன் ஒருவன் பெட்டியைச் சுற்றி வந்து, கோடு நிற்கிறதா என்று நான்கு பக்கமும் பார்த்தான். நாங்கள் சிரித்தோம், ஆனால் நாங்களும் ஒருமுறை பார்த்துக்கொண்டோம்.

பெட்டியின் ஒரு மூலை மட்டும் லேசாகக் குழிந்திருந்தது. உள்ளே ஒன்றும் ஆகவில்லை. மூன்றாம் பரிசுதான் கிடைத்தது. ஆனால் காய்ந்த மண்ணில் சென்சாரைக் குத்தியதும் வால்வு "டக்" என்று திறந்து தண்ணீர் வந்தது. எல்லார் முன்னாடியும், நேரில்.

அடுத்த முறை ஒரு அட்டைப்பெட்டி கையில் கிடைத்தால் தூக்கிப் போடும் முன்னால் ஒரு நிமிடம் அதன் ஓரத்தைப் பாருங்கள். எத்தனை ப்ளை, என்ன ஃப்ளூட், கோடு எந்தப் பக்கம் என்று சொல்ல முடிகிறதா? முடிந்தால் இந்தப் பாடத்தில் நீங்கள் பாஸ்.